சிங்கப்பூர் – நியூயார்க்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அண்ணன் நியூயார்க்கில் இருக்கிறாராம். அப்பச்சியையும் ஆத்தாவையும் (எங்கள் பக்கம் அப்பா, அம்மாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) ஆகஸ்டில் அங்கே அழைத்துக்கொண்டு, டிசம்பர் வாக்கில் வருகிற பிள்ளையார் நோன்புக்கு முன்னால் திருப்பி அனுப்புவதாகப் பேச்சு. திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து எங்கேயும் இறங்காமல் நியூயார்க் என்று டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறார். சிங்கப்பூர் – நியூயார்க் தூரத்தை இணையத்தில் தேடினால் ஒரு இடத்தில் 15,340 என்று இருக்கிறது, இன்னொரு இடத்தில் 9,530, மூன்றாவது இடத்தில் 8,280. நேரமும் அப்படித்தான்: ஒன்று 17 மணி என்கிறது, ஒன்று பத்தொன்பதரை என்கிறது, டிக்கெட்டில் பதினெட்டரை. போதாக்குறைக்கு இரவு 11.45க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.15க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது, அப்படியானால் ஆறரை மணி நேரம்தானா, எதை நம்புவது, பெரியவர்களுக்குத் தாங்குமா என்பது அவர் கேள்வி.

காரைக்குடியில் டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு, இந்தக் கேள்வி ஏதாவது ஒரு உருவத்தில் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்று எண்கள். மூன்றும் ஒரே தூரம்தான் தம்பி. 15,340 என்பது கிலோமீட்டர். 9,530 என்பது அமெரிக்காவில் சாலையில் எண்ணுகிற மைல், ஒரு மைலுக்கு 1.609 கிலோமீட்டர். 8,280 என்பது கடல்மைல், ஒன்றுக்கு 1.852 கிலோமீட்டர், கப்பல்காரர்களிடமிருந்து விமானத்துக்கு வந்த அளவு அது, விமானிகள் இன்றைக்கும் அதில்தான் கணக்குப் போடுகிறார்கள். தளங்கள் எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அது கிலோமீட்டரா மைலா என்பதை ஓரத்தில் பொடி எழுத்தில் போடுகின்றன. கடைசி இலக்கங்கள் தளத்துக்குத் தளம் பத்து இருபது கிலோமீட்டர் மாறினால் கவலைப்படாதீர்கள். பூமியைச் சரியான உருண்டை என்று வைத்துக்கொண்டால் ஒரு விடை வரும், துருவங்களில் கொஞ்சம் தட்டை என்று வைத்துக்கொண்டால் வேறொரு விடை வரும், அவ்வளவுதான். இன்னொன்று, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க்குக்கு இரண்டு இடத்தில் இறங்குகிறது, கென்னடி விமான நிலையம் ஒன்று, நெவார்க் இன்னொன்று. வானத்தில் இரண்டுக்கும் சில கிலோமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் நெவார்க் இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூஜெர்சியில். அண்ணன் காரை எங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பதை டிக்கெட்டைப் பார்த்து இப்போதே சொல்லிவிடுங்கள்.

சரி, இந்த 15,340 எப்படி வருகிறது? சுவரில் தொங்குகிற உலகப் படத்தில் ஸ்கேலை வைத்தால் வராது, அந்தப் படம் உருண்டையை இழுத்துத் தட்டையாக்கியது, வடக்கே போகப் போக எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும். பிள்ளைகள் விளையாடுகிற பந்து ஒன்றை எடுத்து இரண்டு ஊரையும் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள், பூக் கட்டுகிற நூலின் ஒரு நுனியைச் சிங்கப்பூரில் விரலால் அழுத்திப் பிடித்து, மறு நுனியை நியூயார்க் வரைக்கும் கொண்டுபோய்த் தொய்வில்லாமல் இழுங்கள். நூல் வழுக்கிக்கொண்டே மேலே ஏறி, வட துருவத்துக்குப் பக்கத்தில் போய்த்தான் நிற்கும். சிங்கப்பூர் 104 பாகை கிழக்கே இருக்கிறது, நியூயார்க் 74 பாகை மேற்கே, கூட்டினால் 178. பூமியின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் மிகக் குறைந்த தூரம் நேர் வடக்கே போகிறது: தாய்லாந்து, சீனா, மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, துருவத்துக்கு முந்நூறு கிலோமீட்டருக்குள் உரசிக்கொண்டு, கனடா வழியாக அந்தப் பக்கம் இறங்குகிறது. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர், ஆகவே எந்த இரண்டு ஊரை எடுத்தாலும் 20,000க்கு மேல் போக வழியில்லை. (நம் செட்டிநாட்டுக்கு நேர் எதிர்ப்புள்ளி பெரு நாட்டுக்கு மேற்கே பசிபிக் கடலில் விழுகிறது, அங்கே யாரும் டிக்கெட் கேட்டு வரமாட்டார்கள்.)

ஆனால் அந்த நூல் போன வழியில் விமானம் போவது அபூர்வம். இங்கேதான் தூரமும் நேரமும் பிரிகின்றன.

பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில், வடக்கு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு காற்று ஓயாமல் ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகம் அதற்குச் சாதாரணம், குளிர்காலத்தில் 300ஐத் தொடும். விமானத்தின் வேகம் என்று நாம் சொல்கிற 900 கிலோமீட்டர் அதைச் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகம். அந்தக் காற்றே உங்களோடு 200 கிலோமீட்டரில் ஓடினால் தரைக்கு மேல் 1,100, எதிரே வந்தால் 700. 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஒரு ஜம்போ நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது, அப்போது அடித்த புயல் காற்று பின்னாலிருந்து தள்ளியதில் தரைக்கு மேலான வேகம் 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. அதே தடத்தில் எதிர்த்திசையில் வந்தால் ஏழு மணி, எட்டு மணி ஆகும். தூரத்தில் ஒரு அடிகூட மாற்றமில்லை.

இதைவிட எனக்குப் பிடித்த கணக்கு தில்லி – சான்பிரான்சிஸ்கோ. ஏர் இந்தியா அதை அட்லாண்டிக் வழியாக மேற்கே ஓட்டிக்கொண்டிருந்தது, ஏறக்குறைய 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் திசையையே மாற்றி, கிழக்கே போய்ப் பசிபிக்கைத் தாண்ட ஆரம்பித்தார்கள். தூரம் 15,300 ஆகிவிட்டது, 1,400 கிலோமீட்டர் கூடுதல், ஆனால் காற்று முதுகுப் பக்கம் வந்ததால் பயணம் பதினான்கரை மணி நேரமாகச் சுருங்கியது, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம். சுற்றி வளைத்துப் போனவன் முன்னால் போய் நின்றான்.

சிங்கப்பூர் – நியூயார்க்கிலும் இதே சூட்சுமம்தான். போகும்போது பெரும்பாலும் வடகிழக்கே ஜப்பான் பக்கம் ஏறி, வட பசிபிக்கைத் தாண்டி, வட அமெரிக்காவுக்குள் நுழைகிறார்கள். திரும்பும்போது அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பா வழியாக வருவதுதான் வழக்கம். இரண்டு தடவையும் கிழக்கு நோக்கியே பறக்கிறார்கள், அதாவது உங்கள் அப்பச்சியும் ஆத்தாவும் போய்த் திரும்பினால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றியிருப்பார்கள், ஊரில் சொல்லிக்கொள்ளலாம். உண்மையாகப் பறக்கிற தூரம் 16,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். எந்த வழி என்பது ஒவ்வொரு நாளும் காற்றைப் பார்த்து, புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்னால்தான் முடிவாகும்.

காற்று மட்டுமே காரணமில்லை, கீழே இருக்கிற நாடுகளும் வழியை மாற்றுகின்றன. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவின் வான்வெளி பல நிறுவனங்களுக்கு இல்லை என்றாகிவிட்டது, ரஷ்யாவைத் தொடாமல் வட துருவத்துக்குப் போவது எவ்வளவு சுற்று என்பதைப் பந்தைப் பார்த்தாலே தெரியும். 2025 ஏப்ரல் கடைசியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, தில்லியிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போன சில விமானங்கள் வியன்னாவில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போக வேண்டியதாயிற்று. துருவத்துக்கு மேல் போவதே கூடாது என்று அர்த்தமில்லை, 2021 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியா விமானத்தை முழுக்கப் பெண் விமானிகளே வட துருவம் வழியாக ஓட்டிவந்தார்கள், ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். ஆனால் அந்த வழிக்குத் தனி ஏற்பாடுகள் வேண்டும். இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒரு எஞ்சின் நின்றால் குறிப்பிட்ட நேரத்துக்குள் இறங்க ஒரு விமான நிலையம் எட்டுகிற தூரத்தில் இருந்தாக வேண்டும், ஆர்க்டிக்கில் அதற்கு எங்கே போவது? எரிபொருளும் உறைகிற பொருள்தான்: உலகமெங்கும் போடுகிற ஜெட் ஏ-1 மைனஸ் 47 பாகையில் உறையும், அமெரிக்காவில் போடுகிற ஜெட் ஏ மைனஸ் 40லேயே உறையும், மேலே காற்று மைனஸ் 65 வரைக்கும் போகும். விமானி இறக்கையில் இருக்கிற எரிபொருளின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும், ரொம்பக் குளிர்ந்தால் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும், இல்லையென்றால் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

இனி அந்த 17, பத்தொன்பதரை, பதினெட்டரைக்கு வருவோம். 17 என்பது 15,340ஐ 900ஆல் வகுத்த விடை, காற்றும் இல்லை, ஏறுவதும் இறங்குவதும் இல்லை. பத்தொன்பதரை எப்படி என்றால், பல தளங்கள் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் மணிக்கு 500 மைல் என்று ஒரே வேகத்தை வைத்து வகுத்து, மேலே கீழே போக அரைமணி சேர்த்துக்கொள்கின்றன. மதுரை – சென்னைக்கும் அதே சூத்திரம், சிங்கப்பூர் – நியூயார்க்குக்கும் அதே சூத்திரம். இரண்டையும் விட்டுவிடுங்கள். டிக்கெட்டில் இருக்கிற பதினெட்டரைதான் உங்களுக்கு வேண்டிய எண், ஏனென்றால் அது விமானம் சிங்கப்பூரில் வாசலை விட்டு நகர்ந்த நிமிடத்திலிருந்து நியூயார்க்கில் வாசலில் வந்து நிற்கிற நிமிடம் வரைக்கும் எண்ணியது. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போகிற நேரம், வரிசையில் நிற்கிற நேரம், தாமதத்துக்கென்று நிறுவனம் சேர்த்து வைக்கிற கொசுறு நிமிடங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். கென்னடி விமான நிலையத்தில் மாலை நேரத்தில் கிளம்பினால் தரையில் ஊர்வதே அரைமணிக்கு மேல் போகும். அந்தக் கொசுறு நிமிடங்களால்தான் தாமதமாகக் கிளம்பிய விமானம்கூடச் சில நாள் நேரத்துக்கு முன்னாலேயே போய் நின்றுவிடுகிறது.

கடிகாரம்தான் பெரிய சிக்கல். 11.45க்குக் கிளம்பி 6.15க்கு இறங்கினால் ஆறரை மணி என்று தோன்றும், ஆனால் ஒன்று சிங்கப்பூர் நேரம், மற்றது நியூயார்க் நேரம். டிக்கெட்டில் எப்போதுமே அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரே ஒரு வழிதான் சொல்வேன், எல்லாவற்றையும் நம் ஊர் நேரத்துக்கு மாற்றி, காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். நியூயார்க் ஆகஸ்டில் நம்மைவிட ஒன்பதரை மணி பின்னால். திங்கள் இரவு 11.45 சிங்கப்பூரில் என்றால் நமக்குத் திங்கள் இரவு 9.15. செவ்வாய் காலை 6.15 நியூயார்க்கில் என்றால் நமக்குச் செவ்வாய் மாலை 3.45. இடையில் பதினெட்டரை. கணக்குச் சரியாக வந்துவிட்டதா?

இப்போது வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் போடுவோம், நீங்கள் அனுப்பிய டிக்கெட்டின் நேரங்களை வைத்தே. திருச்சியில் திங்கள் காலை 10.30க்கு விமானம். மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும், ஆக 7.30. தேவகோட்டையிலிருந்து காரைக்குடி, திருமயம், புதுக்கோட்டை வழியாக இரண்டரை மணி வைத்துக்கொள்ளுங்கள், ஆக விடியற்காலை 5 மணிக்கு வண்டி ஏற வேண்டும். நல்லவேளையாக விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே, நாம் போகிற பக்கத்திலேயே இருக்கிறது, திருச்சி நகருக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ள வேண்டாம். திருச்சி – சிங்கப்பூர் 2,980 கிலோமீட்டர், நாலேகால் மணி, சிங்கப்பூர் நேரம் மாலை 5.15க்கு இறங்குவார்கள். அங்கே ஆறரை மணி நேரம் காத்திருப்பு. அப்புறம் பதினெட்டரை மணி விமானம். நியூயார்க்கில் இறங்கிக் குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம், அண்ணன் கார் எல்லாம் முடிந்து வீட்டுக்குள் போகக் காலை 9 மணி ஆகும் என்று வைத்தால் நமக்கு அது செவ்வாய் மாலை 6.30. ஆக மொத்தம் முப்பத்தேழரை மணி நேரம். அதில் விமானம் உண்மையாகவே காற்றில் இருப்பது இருபத்திரண்டு மணி போலத்தான், மீதி பதினைந்து மணி நேரமும் தரையில் கழிகிறது. பெரியவர்கள் தாங்குவார்களா என்று யோசிக்கும்போது இந்தப் பதினைந்தையும் சேர்த்து யோசியுங்கள்.

நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு, சிங்கப்பூர் என்று போனபோது ஏழெட்டு நாள் ஆனது. அதே சிங்கப்பூருக்கு இப்போது காலைப் பலகாரத்தை இங்கே முடித்துவிட்டுப் போனால் மாலைக் காப்பி அங்கே. இந்த வேகத்துக்கு நாம் பழகிவிட்டோம், அதனால்தான் பதினெட்டரை மணி நேரம் மலைப்பாகத் தெரிகிறது.

“நேராக நம்ம ஊரிலிருந்தே ஏன் விடக்கூடாது?” என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு, செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று சும்மா கிடப்பது எல்லோருக்கும் தெரியும். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் இந்தத் தடத்தில் பறக்கிற விமானத்தின் எடையைப் பாருங்கள். ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர். (மிக நீண்ட தூரம் பறக்கிற வகை) என்று பெயர், சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்காகவே செய்தது, அவர்களிடம் மட்டும் ஏழு இருக்கின்றன. கிளம்பும்போது மொத்த எடை 280 டன் வரைக்கும் இருக்கலாம். தொட்டியின் கொள்ளளவு 1,65,000 லிட்டர், நிரப்பினால் அதுவே 130 டன், அதாவது பாதிக்குக் கொஞ்சம் குறைவு. முதல் சில மணி நேரம் எரிகிற எரிபொருளில் ஒரு நல்ல பங்கு, மிச்ச எரிபொருளைச் சுமப்பதற்கே செலவாகிறது. இவ்வளவு சுமையோடு எழும்ப நீளமான ஓடுதளம் வேண்டும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கிறது, திருச்சியில் சுமார் இரண்டரைதான். 2024இல் திருச்சிக்குப் பெரிய புது முனையம் வந்தது உண்மை, முனையம் பெரிதானால் ஓடுதளம் நீளாது.

சுமை காரணமாகத்தான் அந்த விமானத்தில் மொத்தமே 161 இருக்கை: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. தம்பி, டிக்கெட் விலையைப் பார்த்து அதிர்ந்ததாக எழுதியிருந்தீர்களே, அதற்குக் காரணம் இதுதான். இதே தடத்தை 2004இல் நான்கு எஞ்சின் ஏ340-500ஐ வைத்து ஆரம்பித்தார்கள், எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் நிறுத்தினார்கள், இரண்டு எஞ்சினில் ஏ350 வந்த பிறகு 2018 அக்டோபரில் நெவார்க்குக்கு மறுபடி தொடங்கினார்கள், 2020 நவம்பரில் கென்னடிக்கும் விட ஆரம்பித்தார்கள். செலவு குறைய வேண்டுமானால் அவர்களே பிராங்பர்ட் வழியாக விடுகிற விமானத்தில் எகானமி உண்டு, ஆனால் சிங்கப்பூரிலிருந்து மட்டுமே ஒரு நாள் ஓடிவிடும்.

வேறு வழி இருக்கிறதா என்றால் இருக்கிறது. பந்தை மறுபடி எடுங்கள். திருச்சியிலிருந்து நியூயார்க்குக்கு நேர்த்தூரம் 13,640 கிலோமீட்டர்தான். சிங்கப்பூர் போய்ப் போவதால் 18,320 ஆகிறது, 4,700 கிலோமீட்டர் வீண் சுற்று. கிழக்கே போய் அப்புறம் இவ்வளவு தூரம் போகிறோம். சென்னையிலிருந்து துபாயில் மாறிப் போனால் 2,930 கூட்டல் 11,000, மொத்தம் 13,930, சென்னை – நியூயார்க் நேர்த்தூரமான 13,480ஐவிட 450தான் கூடுதல். துபாய் ஏறக்குறைய வழியிலேயே இருக்கிற ஊர் மாதிரி. நாலு மணி நேரம் ஒரு விமானம், பதினான்கு மணி நேரம் இன்னொன்று, எகானமியில் இடம் உண்டு, பாக்கெட்டுக்கும் லேசு. தூரம், காசு இரண்டையும் மட்டும் பார்த்தால் இதுதான் முதல்.

ஆனாலும் உங்கள் வீட்டுக்கு நான் சிங்கப்பூரைத்தான் சொல்வேன், காசு கட்டுப்படியானால். சென்னை வழி என்றால் முதல் நாள் ராத்திரியே ரயில் ஏற வேண்டும், விடியற்காலையில் எழும்பூரில் பெட்டிகளோடு இறங்கி, விமான நிலையம் போய், வானத்தில் மிச்சப்படுத்திய நேரமெல்லாம் அங்கே தரையில் கரைந்துவிடும். இரண்டாவது, உங்கள் அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் ஆங்கிலம் வராது என்று எழுதியிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் தமிழும் ஆட்சிமொழி, விமான மாற்றத்தில் தடுமாறினால் தமிழ் பேசுகிற ஒரு ஊழியர் கிடைப்பார், துபாயில் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மூன்றாவது, வளைகுடா வான்வெளி. 2025 ஜூனில் கத்தார் திடீரென்று தன் வானத்தைச் சில மணி நேரம் மூடியதற்கே எத்தனை பேர் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். தனியாகப் போகிற இளவட்டத்துக்கு அது ஒரு கதை, எழுபது வயதுக்காரர்களுக்கு அது வேண்டாம்.

எந்த வழியானாலும் இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆர். எண்ணில் போடுங்கள். தனித்தனியாக வாங்கினால் ஆயிரம் இரண்டாயிரம் குறையலாம், ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதுக்கு யாரும் பொறுப்பில்லை, பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். சக்கர நாற்காலி வேண்டுமென்று இரண்டு நாளாவது முன்னால் சொல்லிவிடுங்கள், நடக்க முடிந்தாலும் சொல்லுங்கள், சாங்கியில் நடை அதிகம், அதைவிட முக்கியம் கூடவே ஒரு ஆள் வருவார். பதினெட்டரை மணி நேரத்தில் ஒன்றரை இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து நடைபாதையில் நாலு எட்டு வைக்கச் சொல்லுங்கள், காலில் ரத்தம் கட்டாமலிருக்கும், ஓர இருக்கையாகப் போட்டால் பக்கத்திலிருப்பவரை எழுப்ப வேண்டாம். ஏ350யில் ஒரு நன்மை: உள்ளே காற்றழுத்தத்தை 6,000 அடி உயரத்து மலையில் இருப்பது போல வைக்கிறார்கள், கொடைக்கானலைவிடக் கொஞ்சம் தாழ்வு. பழைய விமானங்களில் 8,000 அடி வரை போகும், அது ஊட்டிக்கும் மேலே. இறங்கும்போது உடம்பு அசதி குறைவாக இருப்பதாகப் போய்வந்தவர்கள் சொல்கிறார்கள், நம்பலாம்.

அப்பச்சிக்குச் சர்க்கரை மாத்திரை என்றால், நாள் நீண்டுபோகிற கணக்கை நான் எழுதிய மாதிரி நம் ஊர் நேரத்தில் ஒரு காகிதத்தில் எழுதி மருத்துவரிடம் காட்டி, எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்று அதிலேயே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி போடுகிறவராக இருந்தால் இது கட்டாயம். மாத்திரை கையில் இருக்கிற பையில் இருக்க வேண்டும், பெட்டியில் வேண்டாம். ஆத்தா பிள்ளைக்கென்று உப்புக்கண்டம் கட்டி வைப்பார்கள், அதை மட்டும் எப்படியாவது சொல்லி நிறுத்துங்கள், அமெரிக்கச் சுங்கத்தில் இறைச்சி கூடாது. மணகோலம், சீப்புச் சீடை மாதிரிப் பலகாரம் எல்லாம் தாராளமாகப் போகும், கேட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

திரும்பி வருகிற டிக்கெட்டில்தான் கவனம் அதிகம் வேண்டும். போகும்போது ஒரு நாள் நீளும், வரும்போது ஒரு நாள் காணாமல் போகும். நவம்பர் முதல் ஞாயிறோடு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைத்துவிடுவார்கள், டிசம்பரில் நியூயார்க் நம்மைவிடப் பத்தரை மணி பின்னால். திங்கள் இரவு 10.30க்குக் கென்னடியில் ஏறினால், பதினெட்டே முக்கால் மணி கழித்துச் சிங்கப்பூரில் இறங்கும்போது புதன் காலை 6.15. செவ்வாய்க்கிழமை முழுக்க விமானத்திலேயே போய்விட்டது. அங்கே திருச்சி விமானத்துக்குக் காத்திருந்து, நாலு மணி நேரம் பறந்து, தேவகோட்டை வீட்டுக்குள் வரப் புதன் மாலை ஆகிவிடும், அதுவும் எல்லாம் நேரத்துக்கு நடந்தால். நோன்பு புதன்கிழமை விழுந்தால், டிக்கெட் போடுகிறவர் “திங்கள் கிளம்பினால் போதும், ரெண்டு நாள் இருக்கிறதே” என்பார். கேட்காதீர்கள். சனிக்கிழமை இரவு ஏறுகிற மாதிரி போடுங்கள், திங்கள் மாலை வீட்டில் இருப்பார்கள், செவ்வாய் ஒரு நாள் தூங்கி எழுந்து, புதன் நோன்புச் சடங்கான இழை எடுக்கத் தெளிவாக உட்காரலாம். அண்ணனிடமும் தேதியை இப்படியே சொல்லுங்கள், “சனிக்கிழமை ராத்திரி ஏற்றிவிடு” என்று. “திங்கள் வருகிறார்கள்” என்று மட்டும் சொன்னால் அவர் ஞாயிறு ராத்திரிக்குப் போட்டுவிடுவார்.